ஸ்கூல் லைஃப்னா 'கோல்டன் டேஸ்'தானா? பாட்டு சொன்னதும் பிளஸ் 2-வில் நடந்ததும்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சித்தி வீட்டில் இருந்தபோது ஹாஸ்டலில் இருந்து சித்தி மகள் போன் செய்தாள். பிளஸ் 2 படிக்கிறாள். வாரத்துக்கு ஒரு முறை, பத்து நிமிடம்தான் பேச விடுவார்கள். அதில் ஏழு நிமிடம் அம்மா, அப்பாவுக்குப் போய்விடும். மிச்சம் மூன்று நிமிடம் எனக்குக் கிடைத்தது.

"எப்படிடி இருக்க?"

"கடுப்பா இருக்குக்கா. காலைல அஞ்சு மணிக்கு ஸ்டடி. நைட் பத்து மணிக்கும் ஸ்டடி."

எல்லா அக்காக்களும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "இப்போ அப்படித்தான் இருக்கும். பின்னாடி நினைச்சுப் பாரு, லைஃப்லயே இதுதான் பெஸ்ட் டேஸ்னு தோணும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டாள்: "இதுதான் பெஸ்ட்டா? அப்போ இனிமே வர்றதெல்லாம் இதைவிட மோசமா இருக்குமாக்கா?"

அதற்குள் பத்து நிமிடம் முடிந்து லைன் கட் ஆகிவிட்டது.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. யோசிக்க யோசிக்க ஒன்று புரிந்தது. 'இதுதான் பெஸ்ட் டேஸ்' என்று நான் சொன்னேனே, அது என் அனுபவத்தில் இருந்து வந்த வாக்கியமே இல்லை. என் பிளஸ் 2 அப்படி ஒன்றும் இனிக்கவில்லை. அந்த வாக்கியம் பாட்டில் இருந்து வந்தது.

பாட்டு கட்டிய பள்ளிக்கூடம்

தமிழ் சினிமாவுக்குப் பள்ளிக்கூடம் என்றாலே ஒரு தனி வெளிச்சம் உண்டு. 1979-ல் பாலுமகேந்திராவின் 'அழியாத கோலங்கள்'. வளர்ந்துவிட்ட ஓர் ஆள் தன் விடலைப் பருவத்தைத் திரும்பிப் பார்க்கும் கதை. 1981-ல் 'பன்னீர் புஷ்பங்கள்'. ஊட்டி, போர்டிங் ஸ்கூல், முதல் காதல், இளையராஜா. 2002-ல் 'துள்ளுவதோ இளமை', 2004-ல் 'ஆட்டோகிராஃப்', 2012-ல் '3', 2018-ல் '96' என்று கிட்டத்தட்ட ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு ஸ்கூல் படம், அதற்கு ஒரு ஆல்பம்.

படத்தின் கதை மறந்துபோகும். பாட்டு மறக்காது. டவுன் பஸ்ஸில், டீக்கடையில், இப்போது ரீல்ஸில் கேட்டுக் கேட்டு, பள்ளி வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும் என்று நமக்குள் ஒரு படம் விழுந்துவிடுகிறது. அதில் மூன்று விஷயங்கள் கட்டாயம் இருக்கும். உயிரைக் கொடுக்கும் ஒரு நண்பர் கூட்டம். ஜன்னல் வழியே பார்த்துக்கொள்ளும் ஒரு முதல் காதல். கடைசி நாளில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழும் ஒரு ஃபேர்வெல்.

இந்த மூன்றும் சிலருக்குக் கிடைக்கும். பலருக்கு ஒன்று கிடைக்கும். நிறைய பேருக்கு ஒன்றுமே கிடைக்காது. அப்படிக் கிடைக்காதவர்களுக்குப் பாட்டில் இடமே இல்லை. அவர்கள், 'எனக்கு மட்டும் ஏன் இப்படி?' என்று தங்களைத்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஸ்கூல் ஃபேர்வெல்லில் நாம் தவறாமல் போடும் பாட்டுகள் பெரும்பாலும் ஸ்கூல் பாட்டுகளே கிடையாது. 1996-ல் 'காதல் தேசம்' படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான் பாடிய நட்புப் பாட்டு, 2002-ல் 'ஏப்ரல் மாதத்தில்' படத்தில் யுவன் போட்ட பிரிவுப் பாட்டு, இரண்டுமே காலேஜ் கதைகள். சைக்கிள் ஸ்டாண்டில் நின்று டிசி வாங்கக் காத்திருந்த 17 வயதுப் பிள்ளைகள், யாரோ 21 வயதுக்காரர்களின் பிரிவுக்கு அழுதிருக்கிறோம். நானும் அழுதிருக்கிறேன்.

அந்த யூனிஃபார்முக்குள் யார்?

சரி, இந்தப் பாட்டுகளை யார் உருவாக்குகிறார்கள்? பள்ளிப் பிள்ளைகள் கிடையாது. முப்பது, நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் பாடலாசிரியர், இசையமைப்பாளர், இயக்குநர். அவர்கள் எழுதுவது பள்ளி வாழ்க்கையை அல்ல, பள்ளி வாழ்க்கையைப் பற்றிய தங்கள் ஏக்கத்தை. இரண்டும் வேறு வேறு.

நடிப்பவர்களும் அப்படித்தான். '3' வெளியானபோது தனுஷுக்கு 28 வயது, ஸ்ருதிஹாசனுக்கு 26. யூனிஃபார்ம் போட்டிருந்தாலும் திரையில் தெரிவது தன்னம்பிக்கை வந்துவிட்ட, முகப்பரு போய்விட்ட, தன் உடம்போடு சண்டை முடித்துவிட்ட ஒரு பெரியவர். அதைப் பார்க்கும் 16 வயதுப் பையன் கண்ணாடியில் தன்னைப் பார்த்தால் எப்படி இருக்கும்? '96' இந்த விஷயத்தில் நேர்மையாக இருந்தது. சின்ன வயது ராம், ஜானு பாத்திரங்களுக்கு இளம் முகங்களையே போட்டார்கள். ஆனால் அந்தப் படமும் 22 வருடம் கழித்து நடக்கும் ரீயூனியனில் இருந்து திரும்பிப் பார்க்கும் கதைதான்.

இது உலகம் முழுக்க நடப்பதுதான். 'டீன்ஏஜ் ட்ரீம்' பாட்டை கேட்டி பெர்ரி 2010-ல் வெளியிட்டபோது அவருக்கு 25 வயது. 2021-ல் ஒலிவியா ரோட்ரிகோ 18 வயதில் வெளியிட்ட 'சவர்' ஆல்பத்தின் முதல் பாட்டோ, அப்படி ஒரு கனவெல்லாம் எங்கும் இல்லை என்ற எரிச்சலில் கத்துகிறது. டீன்ஏஜைத் தாண்டியவர்களுக்கு அது கனவு. உள்ளே இருப்பவர்களுக்கு அது திங்கட்கிழமை காலை. நம் ஊர் பிரச்னை என்னவென்றால், நமக்கு முதல் வகைப் பாட்டு மலைபோல் இருக்கிறது. இரண்டாவது வகை கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

நாலு நிமிடத்தில் இரண்டு வருஷம்

பாட்டின் இன்னொரு வேலை, நேரத்தை வெட்டுவது. மான்டேஜ் பாட்டில் ஒரு கல்வியாண்டே நாலு நிமிடத்தில் ஓடிவிடும். மழை, சைக்கிள், கேன்டீன், ஸ்போர்ட்ஸ் டே, மார்க் ஷீட், அவ்வளவுதான். எடிட்டிங் டேபிளில் விழுந்த மிச்சம்தான் உண்மையான பள்ளி வாழ்க்கை. மூன்றாவது பீரியடில் வரும் தூக்கம், பாத்ரூம் போக அனுமதி கேட்கும் கூச்சம், வயிற்றுவலியோடு எழுதும் சைக்கிள் டெஸ்ட், மதிய சாப்பாட்டுக்கு யாரோடு உட்காருவது என்ற தினசரிக் கவலை.

தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் 7.5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பிளஸ் 2 தேர்வு எழுதுகிறார்கள். அவர்களின் அந்த இரண்டு வருடத்தில் என்ன இருக்கிறது?

என் பேட்ச் கதையைச் சொல்கிறேன். 2018 மார்ச்சில் முதன்முதலாக பிளஸ் 1-க்குப் பொதுத்தேர்வு வந்தது. அதை எழுதிய முதல் பேட்ச் நாங்கள். பல தனியார் பள்ளிகளில் பிளஸ் 1 பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருடமும் பிளஸ் 2 பாடத்தையே ஓட்டுகிறார்கள் என்பதால் கொண்டுவந்த தேர்வு அது. நோக்கம் சரிதான். ஆனால் எங்களுக்குக் கிடைத்தது பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று வரிசையாக மூன்று வருடம் பொதுத்தேர்வு. போதாததற்கு, நாங்கள் பிளஸ் 2 போன பிறகு, உயர்கல்விக்கு பிளஸ் 1 மார்க் தேவையில்லை என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் நீட் வந்திருந்தது. டாக்டர் கனவில் இருந்த தோழிகளுக்கு ஸ்கூல் ஒரு ஷிஃப்ட், கோச்சிங் இன்னொரு ஷிஃப்ட்.

எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. 2021-ல் பிளஸ் 2 பொதுத்தேர்வே ரத்து. அந்த பேட்சில் பலருக்கு ஃபேர்வெல் என்பதே கூகுள் மீட்டில் ஒரு ஸ்க்ரீன்ஷாட். 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் 1 பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. நல்ல விஷயம். ஆனால் சித்தி மகளின் அஞ்சு மணி ஸ்டடியை எந்தக் கொள்கையும் இன்னும் எடுக்கவில்லை.

'96' படம் 2018 அக்டோபரில் வந்தது. நாங்கள் அப்போது பிளஸ் 2. வகுப்பில் பாதிப் பேர் அந்தப் பாட்டுகளையே முணுமுணுத்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஸ்கூலில் பையன்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. பென்சில் கடன் கேட்டால்கூட பிரின்சிபால் ரூம். ஜானு வகுப்பில் எழுந்து பாடியதைப் பார்த்து ஏங்கிய எங்களுக்கு, ஆண்டு விழாவில் பாடவே அனுமதி கிடையாது. ஏனென்றால் நாங்கள் போர்டு எக்ஸாம் பேட்ச்.

இந்த இடைவெளியைத்தான் சொல்கிறேன். பாட்டு பொய் சொல்கிறது என்பது என் புகார் இல்லை. நாங்கள் வாழவே விடப்படாத ஒன்றை எங்கள் 'பொற்காலம்' என்று எங்களுக்கே விற்றார்கள் என்பதுதான் புகார்.

கையில் கட்டிய கயிறு

இடைவெளி இதைவிடக் கொடூரமாகத் தெரியும் ஓர் இடம் இருக்கிறது.

நட்புப் பாட்டுகளில் கையில் பேண்ட் கட்டுவார்கள். ஜாதி, மதம் எதுவும் நட்புக்குத் தெரியாது என்பது அந்தப் பாட்டுகளின் பொதுவான செய்தி. தென்மாவட்டப் பள்ளிகள் சிலவற்றில் கையில் கட்டும் கலர் கயிறுக்கு அர்த்தமே வேறு. அது எந்த சாதி என்று காட்டும் அடையாளம்.

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பிளஸ் 2 படித்த பட்டியலின மாணவர் ஒருவரை, அதே பள்ளியில் படித்த மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. இதையடுத்து அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கலர் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி அணிவதைத் தடை செய்ய வேண்டும், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது.

ஸ்கூல் நட்பில் சாதி இல்லை என்று முப்பது வருடமாகப் பாட்டில் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தச் செய்தி 'ஷாக்' ஆக இருந்தது. அந்த வகுப்பறைகளில் கடைசி பெஞ்சில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஷாக் ஆக இருந்திருக்காது. இனிமையான பாட்டு ஒன்று காதில் ஓடிக்கொண்டே இருந்தால், பக்கத்தில் இருப்பவன் முனகுவது கேட்காது. ஸ்கூல் என்றாலே நட்பு என்று நம்பிக்கொண்டிருப்பதால் நாம் கொடுக்கும் விலை இது.

பாட்டில் அவள் எங்கே?

ஸ்கூல் காதல் பாட்டுகளில் ஒரு விஷயத்தைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவன் பார்க்கிறான். அவன் பின்னாடி வருகிறான். அவன் ஏங்குகிறான். அவள் திரும்பிப் பார்ப்பாள், சிரிப்பாள், பாட்டு முடியும்.

பாட்டு முடிந்த பிறகு நிஜத்தில் நடப்பது வேறு. ஒரு பையன் டியூஷன் வரை பின்னாடியே வருகிறான் என்று வீட்டில் தெரிந்தால், டியூஷன் நிற்பது பெண்ணுக்கு. சைக்கிள் பறிபோவது பெண்ணுக்கு. சில வீடுகளில் படிப்பே நின்று ஜாதகம் வெளியே வரும். 'ஆட்டோகிராஃப்' படத்தில் கல்யாணப் பத்திரிகையோடு ஊருக்கு வரும் செந்தில், பள்ளிக்கால கமலாவைக் குழந்தைகளோடு பார்க்கிறான். அவன் நினைவுகளுக்கு நாடே கொண்டாடிய பாட்டு இருக்கிறது. அந்த வருடங்களில் கமலாவுக்கு என்ன ஆனது என்பதற்குப் பாட்டு இல்லை.

பையன்களுக்கும் இதில் ஆபத்து இருக்கிறது. 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவரின் சம்மதம் சட்டத்தின் கண்ணில் செல்லாது. பாட்டைப் பார்த்து 'ஹீரோயிசம்' என்று நினைத்துச் செய்வது, 17 வயதுப் பையனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தலாம். இதை அவனிடம் யாரும் பேசுவதில்லை. பாலியல் கல்வி வகுப்பு இல்லாத இடத்தில், அந்த வகுப்பையும் பாட்டுதான் எடுக்கிறது.

மூளை செய்யும் கலர் கரெக்‌ஷன்

அப்படியென்றால் பெரியவர்கள் எல்லோரும் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. அவர்கள் உண்மையாகவே அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

உளவியலில் 'ரெமினிசென்ஸ் பம்ப்' என்று ஒன்று சொல்வார்கள். நடுத்தர வயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், டீன்ஏஜும் இருபதுகளின் தொடக்கமும்தான் அதிகம் வரும். முதல் முறை நடந்தவை எல்லாம் அந்த வயதில் இருப்பதும் ஒரு காரணம். அந்தக் காலத்துப் பாட்டுகள் ஆழமாகப் பதிவதும் இதனால்தான்.

இன்னொன்று 'ரோஸி வியூ'. டெரன்ஸ் மிட்செல், லீ தாம்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1997-ல் வெளியிட்ட ஆய்வு. சுற்றுலா, விடுமுறை, மூன்று வார சைக்கிள் பயணம் என்று போனவர்களிடம் போவதற்கு முன்பும், போகும்போதும், வந்த பிறகும் கேட்டார்கள். முன்பு நிறைய எதிர்பார்ப்பு. நடக்கும்போது எரிச்சல், ஏமாற்றம். முடிந்து கொஞ்ச நாள் ஆனதும் மறுபடியும் 'சூப்பரா இருந்துச்சு'. அதாவது ஓர் அனுபவம் அதற்கு முன்னாலும் பின்னாலும் அழகாக இருக்கிறது. நடுவில்தான் அது அதுவாக இருக்கிறது.

இதை அப்படியே ஸ்கூலுக்குப் பொருத்திப் பாருங்கள். எட்டாவது படிக்கும்போது பாட்டைக் கேட்டு எதிர்பார்க்கிறோம். பிளஸ் 2-வில் புழுங்குகிறோம். இருபத்தைந்தில் ஆபீஸ் கேப்பில் போய்க்கொண்டே அதே பாட்டைப் போட்டு 'மிஸ் யூ ஸ்கூல் லைஃப்' ஸ்டேட்டஸ் வைக்கிறோம். அந்த ஸ்டேட்டஸை இப்போது எட்டாவது படிக்கும் ஒரு பிள்ளை பார்க்கிறது. சுற்று மறுபடி தொடங்குகிறது.

அப்போ பாட்டு கேட்கக் கூடாதா?

"பாட்டுதானே, யார் இதையெல்லாம் சீரியஸா எடுத்துக்கறாங்க?" என்று கேட்கலாம். யாரும் பாட்டை அப்படியே நம்புவதில்லை, உண்மை. ஆனால் பாட்டு ஓர் அளவுகோலைக் கொடுத்துவிடுகிறது. தன் வாழ்க்கையை அதை வைத்து அளக்கும்போது, எப்போதும் தன் பக்கம்தான் குறைகிறது. தனியாகச் சாப்பிடும் பிள்ளை தனக்கு ஏதோ குறை என்று நினைக்கிறது. ராகிங், அடி, சாதிப் பேச்சு என்று அனுபவிக்கும் பிள்ளை, 'எல்லோருக்கும் பொற்காலம், எனக்கு மட்டும் இப்படி' என்று வாயை மூடிக்கொள்கிறது.

அதனால் பாட்டைத் தடை செய் என்று சொல்ல வரவில்லை. அது அபத்தம். ஹாஸ்டல் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது முணுமுணுக்கும் ஒரு பாட்டு எத்தனை பேரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது இரண்டே விஷயங்கள்.

ஒன்று, பிள்ளைகளின் பாட்டைப் பிள்ளைகளே எழுதட்டும். 2022-ல் இருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பறை, வில்லுப்பாட்டு, தெருக்கூத்து என்று பின்னுகிறார்கள். அங்கேயே 'உன் ஸ்கூலைப் பற்றி நீயே ஒரு பாட்டு எழுது' என்று ஒரு போட்டி வைத்துப் பாருங்கள். பாத்ரூமில் தண்ணி வராததில் இருந்து, புரிந்துகொண்ட ஒரே ஒரு டீச்சர் வரை எல்லாம் வரும். அதில் அழகும் இருக்கும். ஆனால் அது அவர்களின் அழகாக இருக்கும்.

இரண்டு, நம்மைப் பற்றியது. ஸ்கூல் பிள்ளைகளிடம் 'என்ஜாய் பண்ணிக்கோ, இதெல்லாம் திரும்ப வராது' என்று சொல்வதை நிறுத்துவோம். கஷ்டப்படும் பிள்ளைக்கு அது ஆறுதல் இல்லை, மிரட்டல். நம் கதையை முழுசாகச் சொல்வோம். என் ஃபேர்வெல் போட்டோவில் தோளில் கை போட்டு நிற்கும் ஆறு பேரில் மூன்று பேரோடு அதற்குப் பிறகு நான் பேசியதே இல்லை. சண்டை எதுவும் இல்லை, அப்படியே போய்விட்டது. என் இப்போதைய நெருங்கிய தோழியை நான் சந்தித்தது 22 வயதில், வேலைக்குச் சேர்ந்த இடத்தில். இதையும்தானே சொல்ல வேண்டும்?

நிலைமை தாங்க முடியாத அளவுக்குப் போனால், மாணவர்களுக்கான 14417, குழந்தைகள் உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்கள் இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

அடுத்த ஞாயிறு மறுபடி சித்தி வீட்டுக்குப் போனேன். எனக்கு இந்த முறை நாலு நிமிடம் கிடைத்தது.

"போன வாரம் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்டி" என்றேன். "எனக்கும் பிளஸ் 2 பிடிக்கல. அதுக்கப்புறம் நிறைய விஷயம் நல்லா இருந்துச்சு. காலேஜ் பரவாயில்ல, வேலை இன்னும் பரவாயில்ல. என் இஷ்டத்துக்கு எழுந்திரிக்கிறேன்."

"எத்தனை மணிக்குக்கா?"

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு."

அவள் சிரித்தது கேட்டது. அந்தப் பக்கம் யாரோ "டைம் முடிஞ்சுது" என்றார்கள். "சரிக்கா, அதுவரைக்கும் படிச்சுத் தொலைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.